இடிக்கணுமா, புதுப்பிக்கணுமா? பட்டாபிராம் பழைய வீடுகளுக்கு ஒரு பட்ஜெட் கைடு

சி.டி.எச். சாலையில் பட்டாபிராமைத் தாண்டும் யாரும் இப்போது அண்ணாந்து பார்க்காமல் போவதில்லை. சுமார் 330 கோடி ரூபாய் செலவில் கட்டப்பட்டு, 2024 நவம்பர் 22-ம் தேதி திறக்கப்பட்ட 21 மாடி டைடல் பார்க் அங்கே நிற்கிறது. ஆனால் சாலையிலிருந்து விலகி உள்தெருக்களுக்குள் நடந்தால் வேறொரு பட்டாபிராமைப் பார்க்கலாம். கம்பி போட்ட வராண்டா, ரெட் ஆக்சைடு தரை, வாசலில் சின்னத் திண்ணை, பின்னால் கிணறு, முருங்கை மரம். ஆவடி தொழிற்சாலைகளிலும் ரயில்வேயிலும் வேலை பார்த்தவர்கள் பி.எஃப். லோன் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய வீடுகள் இந்தப் பக்கம் நிறைய.

இந்த வீடுகளில் இப்போது ஓடும் பேச்சு ஒன்றுதான். "பில்டர் கேட்கிறார், கொடுத்துடலாமா?" இடித்துக் கட்டுவதும் முன்பைவிட சுலபமாகிவிட்டது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே உடனடி அனுமதி பெறும் திட்டத்தை 2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்தது.

இன்னொரு பக்கம், இன்ஸ்டாகிராமில் பழைய வீடு மேக்ஓவர் ரீல்ஸைப் பார்த்து, "நம்ம வீட்டையும் இப்படி மாத்தினா என்ன?" என்று யோசிக்கும் பிள்ளைகள். கையில் இருப்பதோ இரண்டு, மூன்று லட்சம். அந்தப் பணத்தை எங்கே போட வேண்டும்? எந்த வீட்டைக் காப்பாற்றலாம், எதை விட்டுவிட வேண்டும்?

முதலில், வீடு தாங்குமா?

சுவர் பழசாகத் தெரிவதும் வீடு பலவீனமாக இருப்பதும் வேறு வேறு விஷயம். பார்க்க வேண்டியது மூன்று இடங்கள்.

கூரையின் அடிப்பக்கம்: கான்கிரீட் பெயர்ந்து உள்ளே கம்பி தெரிகிறதா? கம்பி துருப்பிடித்தால் அந்தத் துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தைப் பிடிக்கும். அந்த அழுத்தத்தில்தான் கான்கிரீட் பாளம் பாளமாக விழுகிறது. சன்ஷேடிலும் பாத்ரூம் கூரையிலும்தான் பெரும்பாலும் இது முதலில் தெரியும். அதன் மேல் வெறும் சிமென்ட் பூசி மூடினால் உள்ளே துரு தொடர்ந்து ஓடும். தளர்ந்த கான்கிரீட்டைத் தட்டி எடுத்து, கம்பியைத் தேய்த்துச் சுத்தம் செய்து, துருத் தடுப்பு பூசி, ரிப்பேருக்கென்றே உள்ள கலவையால் அடைப்பதுதான் சரியான முறை.

விரிசல்: பூச்சில் மட்டும் தலைமுடி போல ஓடும் விரிசலுக்குப் பயப்பட வேண்டாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, ஒரு நாணயம் நுழையும் அளவு வாய் திறந்திருந்தால் கவனிக்க வேண்டும். விரிசலின் இரண்டு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். சில மாதங்களில் விரிசல் கோட்டைத் தாண்டினால் அஸ்திவாரம் இன்னும் அசைகிறது என்று சந்தேகப்படலாம்.

மரம்: நிலை, உத்தரம், ஜன்னல் சட்டம் எல்லாவற்றையும் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று பொள்ளலாகச் சத்தம் வந்தால் கரையான் உள்ளே புகுந்திருக்கலாம்.

பல அறைகளில் கம்பி வெளியே வந்து, பீமும் துருப்பிடித்து, விரிசலும் வளர்ந்துகொண்டே போனால் அந்த வீட்டுக்கு மேக்ஓவர் வேண்டாம். எவ்வளவு ஆசை இருந்தாலும் அதில் போடும் பணம் வீண், உள்ளே படுப்பவர்களுக்கும் ஆபத்து. முடிவெடுக்கும் முன் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரை அழைத்துக் காட்டுங்கள். வாங்க நினைக்கும் பில்டரோ, வேலை எடுக்க நினைக்கும் கான்ட்ராக்டரோ சொல்லும் கருத்தை மட்டும் நம்பக் கூடாது. இரண்டு பேருக்குமே பதிலில் லாபம் இருக்கிறது.

உங்க வீடு எந்த ரகம்?

மிகப் பழைய வீடு என்றால் நாட்டு ஓடோ மங்களூர் ஓடோ போட்டிருக்கும். அதைவிடக் கொஞ்சம் வசதியான பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ். மர உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக, குறுக்குச் சாய்வாக அடுக்கி, சுண்ணாம்புச் சாந்தால் பிணைத்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி இடித்து, தட்டோடு பதிப்பார்கள். பிறகு வந்தவை இன்று நாம் பார்க்கும் ஆர்.சி.சி. தள வீடுகள்.

இதைத் தெரிந்துகொள்ள ஒரு காரணம் இருக்கிறது. சுண்ணாம்பில் கட்டிய சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். அதன் மேல் சிமென்ட் பூச்சும் பிளாஸ்டிக் எமல்ஷனும் ஏற்றினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். ஆறு மாதத்தில் பெயின்ட் கொப்பளித்து உரியும். "மட்டமான பெயின்ட்" என்று கடைக்காரரைத் திட்டுவோம். தப்பு பெயின்டில் இருக்காது. சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சும் வெள்ளையடிப்பும்தான் பொருத்தம். நல்ல வேளையாக, வெள்ளையடிப்பதற்குச் செலவும் குறைவு.

பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது?

ரீல்ஸில் முதலில் வருவது பெயின்டும் லைட்டும். பழைய வீட்டில் அவை கடைசி. கையில் பத்து ரூபாய் இருந்தால் ஆறு ரூபாயாவது கண்ணுக்குத் தெரியாத வேலைகளுக்குப் போக வேண்டும்.

*1. மொட்டை மாடி:* வீட்டைக் கெடுப்பது வயதைவிட தண்ணீர்தான். முதலில் மழைநீர் இறங்கும் குழாய் வாயை அடைத்திருக்கும் இலையை எடுங்கள். கைப்பிடிச் சுவர் ஓரம் முளைத்திருக்கும் அரசங்கன்றை வேரோடு எடுங்கள். மேலே வெட்டினால் மட்டும் போதாது, வேர் உள்ளே போய்த் தளத்தையே பிளக்கும். பிறகு தட்டோட்டின் இணைப்புகளைச் சுத்தம் செய்து அடைக்க வேண்டும். பெரும்பாலான ஒழுகல் இந்த இணைப்புகளிலும், தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையிலும்தான் தொடங்கும். எல்லாம் முடிந்த பிறகு மேலே வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தால் கீழே அறையின் சூடும் குறையும். தெலங்கானா 2023-ல் இதற்காகவே தனி 'கூல் ரூஃப்' கொள்கை வெளியிட்டது. ஒரு விஷயம்: ஒழுகலைச் சரி செய்யாமல் வெள்ளை மட்டும் அடித்தால் பயன் இல்லை.

*2. ஓதம்:* தரையிலிருந்து சுவரில் இரண்டு, மூன்று அடி ஈரம் ஏறி உப்புப் பூக்கிறதா? டைல்ஸ் ஒட்டி மறைத்தால் ஈரம் இன்னும் மேலே ஏறும். சுவரை ஒட்டி வெளியே கொட்டிக் கிடக்கும் மண், ஒழுகும் குழாய், தேங்கும் பாத்திரம் கழுவிய தண்ணீர் என்று காரணத்தைக் கண்டுபிடித்து நிறுத்துவதுதான் முதல் வேலை. அதற்குப் பிறகு சுவர் காய அவகாசம் கொடுங்கள். இதற்குப் பணத்தைவிடப் பொறுமைதான் தேவை.

*3. மின்சாரம்:* மரப்பலகை ஸ்விட்ச் போர்டும் பீங்கான் ஃபியூஸும் பார்க்க அழகுதான். ஆனால் அந்த ஒயரிங், ஃபேனும் டியூப் லைட்டும் மட்டும் இருந்த காலத்துக்குப் போட்டது. இன்று அதில் ஏ.சி., இண்டக்‌ஷன் அடுப்பு, கீசர், வாஷிங் மெஷின் எல்லாம் ஓடுகின்றன. எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. போடுங்கள். ஏ.சி.க்குத் தனி லைன் இழுங்கள். இந்த ஒரு வேலையை மட்டும் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப் போடாதீர்கள்.

*4. தரை:* இங்கேதான் நிறைய பேர் பணத்தைத் தேவையில்லாமல் விடுகிறார்கள். ரெட் ஆக்சைடு, மொசைக் தரையின் மேல் வெட்ரிஃபைடு டைல்ஸ் ஒட்டினால் தரை கிட்டத்தட்ட ஓர் அங்குலம் உயரும். அப்புறம் எல்லாக் கதவின் அடியையும் சீவ வேண்டும், வாசல்படிக் கணக்கு மாறும், பாத்ரூம் மட்டமும் இடிக்கும். மொசைக் தரையை மெஷினால் பாலிஷ் போட்டாலே புதுசு போல வரும். ரெட் ஆக்சைடு தரையில் ஆசிட் ஊற்றாதீர்கள். சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, காயவிட்டு, வாக்ஸ் பாலிஷ் தேய்த்தால் பழைய பளபளப்பு திரும்பும். புதுசாக ஏதாவது வேண்டும் என்ற ஆசை இருந்தால், ஹாலின் நடுவில் மட்டும் ஆத்தங்குடி கல்லைக் கம்பளம் போலப் பதிக்கலாம். நாலு அடிக்கு ஆறு அடி இடத்துக்கு, 10 அங்குலச் சதுரக் கல் என்றால் 35 கல் போதும்.

*5. கதவு, ஜன்னல்:* நாலைந்து கோட் எனாமல் பெயின்டுக்கு அடியில் நல்ல தேக்கு ஒளிந்திருக்கலாம். ஆனால் சுரண்டும் முன் எச்சரிக்கை. வீட்டு பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்டில் ஈயம் அதிகம் இருந்திருக்கலாம். எனவே காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரத்தோடு தேய்க்கச் சொல்லுங்கள், மாஸ்க் போடுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேலை முடிந்து சுத்தம் செய்யும் வரை அந்தப் பக்கம் வர வேண்டாம். பின்கட்டில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் அதையும் உடைக்கவோ துளை போடவோ கூடாது. அதன் நார் மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கேடு.

*6. பெயின்ட்:* ஒழுகலும் ஓதமும் நின்ற பிறகே பெயின்டரைக் கூப்பிடுங்கள்.

வீடு இறங்கவில்லை, ரோடு ஏறியிருக்கிறது

"மழை வந்தா வீட்டுக்குள்ள தண்ணி வருது, அதனால இடிச்சுக் கட்டணும்." பழைய வீட்டை விடுவதற்கு நம் ஏரியாவில் சொல்லப்படும் முதல் காரணம் இதுதான். கட்டும்போது தெருவைவிட மூன்று படி உயரத்தில் இருந்த வீடு, இப்போது தெருவைவிடப் பள்ளத்தில் இருக்கும். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு வந்த வினை இது. பழைய மேற்பரப்பை அகழ்ந்து எடுத்துவிட்டு, அதே மட்டத்தில்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு உத்தரவிட்டார். எனவே உங்கள் தெருவில் ரோடு வேலை தொடங்கும் அன்றே, "மில்லிங் பண்ணீங்களா?" என்று கேளுங்கள். தார் ஊற்றிய பிறகு கேட்டுப் பயனில்லை.

வீட்டுக்குள் செய்யக்கூடியவையும் உண்டு. வாசலில் உயரமான தடுப்புப் படி கட்டுவது, சம்ப் வாயை உயர்த்துவது, கழிவுநீர் திரும்பி வராமல் இருக்கக் குழாயில் ஒருவழி வால்வு போடுவது, கீழ்மட்ட பிளக் பாயின்ட்களை மேலே ஏற்றுவது. ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கும் வேலையும் சென்னையில் நடக்கிறது. ஆனால் அது பட்ஜெட் வேலை கிடையாது, இன்ஜினீயர் பார்க்காமல் இறங்கவும் கூடாது.

பழைய பொருளே புதுப் பொருள்

குறைந்த செலவில் வீடு கட்டுவதைப் பற்றிப் பேசினால் லாரி பேக்கரை விட முடியாது. இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்து 2007-ல் மறைந்த அந்தக் கட்டடக் கலைஞர், இடித்த வீடுகளின் கதவு, ஜன்னல்களை வாங்கிப் புது வீடுகளில் வைத்தார். பூசாத செங்கல் சுவரே அழகு என்று காட்டினார். முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவின் வடிவமைப்பிலும் அவர் பங்கு உண்டு. இடிக்கப்பட இருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே மறுபடி கட்டியிருக்கிறார்கள். திண்ணை, முற்றம், ஓடு எல்லாம் எப்படிச் சேர்கின்றன என்று பார்க்க ஒரு நாள் போய் வரலாம்.

காரைக்குடியில் செட்டிநாட்டு வீட்டுப் பொருட்களுக்குத் தனிக் கடைத் தெருவே இருக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. உங்கள் பக்கத்துத் தெருவிலேயே மாதம் ஒரு வீடு இடிபடலாம். ஜன்னல் கம்பி, தேக்குக் கதவு, பித்தளைத் தாழ்ப்பாள் எல்லாம் லாரியில் ஏறுவதற்கு முன் மேஸ்திரியிடம் விலை கேளுங்கள். வாங்கும் முன் அளவெடுங்கள், கரையான் இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள்.

அனுமதி வேண்டுமா?

பெயின்ட், பூச்சு, தரை போன்ற வேலைகளுக்குப் பொதுவாக அனுமதி தேவைப்படாது. சுவரை இடித்து இரண்டு அறையை ஒன்றாக்குவது, மேலே அறை எழுப்புவது என்றால் ஆவடி மாநகராட்சியில் விசாரித்துவிட்டு இறங்குங்கள். குறிப்பாக, தூண் இல்லாத பழைய வீடுகளில் கூரையின் மொத்தப் பாரமும் சுவரில்தான் நிற்கிறது. "ஓபன் கிச்சன்" ஆசையில் நடுச்சுவரை எடுத்தால் கூரைக்குத் தாங்கல் போய்விடும்.

எப்போது தொடங்கலாம்?

மாடி வேலை வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பருக்குள் முடிய வேண்டும். சுண்ணாம்பு வேலை இறுகவே நாளாகும். இந்த வருடம் முடியாவிட்டால், அடுத்த மழையை வேறு விதமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். எந்த மூலையில் ஒழுகுகிறது, எந்தச் சுவரில் ஈரம் ஏறுகிறது, தெருத் தண்ணீர் எந்தப் படி வரை வருகிறது என்று மொபைலில் போட்டோ எடுத்துத் தேதியோடு சேர்த்து வையுங்கள். இன்ஜினீயர் வரும்போது அந்தப் படங்கள்தான் அவருக்கு முதலில் தேவைப்படும். வீட்டில் பில்டர் பேச்சு எடுத்தாலும் அதே படங்களை வைத்துப் பேசலாம். எவ்வளவு செலவில் எது சரியாகும் என்று தெரிந்த பிறகு, வைத்துக்கொள்வதா கொடுப்பதா என்பதை அப்பா, அம்மாவோடு உட்கார்ந்து நிதானமாக முடிவு செய்யலாம்.