வேலை வாங்கித் தருபவருக்கு யார் கூலி கொடுக்க வேண்டும்?

மூலக்கடையிலிருந்து கண்ணதாசன் நகர் வரை நடந்தால் மின்கம்பங்களில் ஒரே மாதிரி நோட்டீஸ்தான். ஃபோன் நம்பர் மட்டும் மாறும். "உடனடி வேலை. ஆண், பெண் இருபாலரும். எட்டாவது முதல் டிகிரி வரை. சம்பளம் 15,000 – 25,000. உணவு, தங்குமிடம் இலவசம். அனுபவம் தேவையில்லை." எந்தக் கம்பெனி, என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் அதில் இருக்காது. ஃபோன் செய்தால் முதலில் வயதைக் கேட்பார்கள், அடுத்து ஏரியாவைக் கேட்பார்கள். மூன்றாவதாக வரும் பேச்சு இது: "தம்பி, ரெண்டு சீட்டுதான் இருக்கு. ரெஜிஸ்ட்ரேஷன் ஆயிரத்து ஐந்நூறு இப்பவே ஜி-பே பண்ணிட்டு நாளைக்குக் காலையில வந்துடு."

வட சென்னையின் இந்தக் கொடுங்கையூர்ப் பகுதியில் இந்த நோட்டீஸுக்கு ஆள் கிடைப்பதில் வியப்பில்லை. வடக்கே மணலியில் பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை. கிழக்கே துறைமுகமும் திருவொற்றியூர், எண்ணூர் ஆலைகளும். மேற்கே மாதவரம் குடோன்கள். சுற்றிலும் வேலை இருக்கிறது. ஆனால் கேட்டில் போய் நின்று "வேலை இருக்கா சார்?" என்று கேட்டால் உள்ளே விடுகிற காலம் போய்விட்டது. இன்று கேட்டுக்கும் ஆளுக்கும் நடுவில் ஒரு கன்சல்டன்சி உட்கார்ந்திருக்கிறது.

நடுவில் உட்காருவது புது வழக்கம் இல்லை. பெரம்பூர் பி அண்ட் சி மில் காலத்தில் அந்த நாற்காலியில் மேஸ்திரி இருந்தார். வேலைக்குச் சேர்க்கவும் அவர்தான், நிறுத்தவும் அவர்தான். இரண்டுக்கும் கை நீட்டுவார். 1931-இல் அறிக்கை தந்த விட்லி தலைமையிலான ராயல் கமிஷன், ஆள் எடுக்கும் அதிகாரத்தை மேஸ்திரியிடமிருந்து பிடுங்கச் சொன்னதே இந்த மாமூலுக்காகத்தான். இந்தியாவின் தொடக்க காலச் சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27-இல் உருவானது இதே வட்டாரத்தில். மில் 1996-இல் மூடிவிட்டது. மாமூல் மட்டும் 'சர்வீஸ் சார்ஜ்' என்ற பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது.

தனியார் வேலைவாய்ப்பு முகமைகளுக்கான உலகத் தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு உடன்படிக்கை (எண் 181), வேலை தேடுபவரிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஆள் வேண்டும் என்பவர் கம்பெனிக்காரர். தேடித் தருபவருக்குக் கூலி கொடுக்க வேண்டியவரும் அவரே. இந்தியா அதை ஏற்று உறுதி செய்யவில்லை. உள்நாட்டு வேலைக்கு ஆள் பிடிக்கும் கன்சல்டன்சிகளுக்கென்று நாடு முழுமைக்குமான உரிமச் சட்டமும் கிடையாது. சத்தீஸ்கர் 2013-லேயே தனிச் சட்டம் போட்டது. இங்கே சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பது பெரும்பாலும் ஜி.எஸ்.டி. பதிவு, இல்லாவிட்டால் உத்யம் சான்று. முன்னது வரிக்கான பதிவு. பின்னது சிறுதொழில் செய்கிறேன் என்று அவரே ஆன்லைனில் எழுதிக் கொடுத்து வாங்கியது. ஆள் எடுக்க இரண்டுமே உரிமம் ஆகாது. செக்யூரிட்டி வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சி மட்டும் விலக்கு: 2005-ஆம் ஆண்டு தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி அவர்களிடம் உரிமம் இருந்தே ஆக வேண்டும். அதைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

பணம் கொடுத்தால்தான் வேலை என்று ஒருவர் சொன்னால் அங்கேயே எழுந்துவிடுவது நல்லது. முடியாமல் கொடுக்க நேர்ந்தால், கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கி வழியாகவோ ஜி-பே வழியாகவோ கொடுங்கள். எதற்கான பணம் என்பதை வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதவையுங்கள். அந்த ஒரு வரிதான் பின்னால் சாட்சி. அசல் சான்றிதழை எக்காரணம் கொண்டும் விட்டுவிட்டு வராதீர்கள். சான்றிதழ் அடகு வைக்கிற பண்டம் அல்ல என்று கல்லூரி வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. நகல் போதும்.

அரசு வேலை, ரயில்வே வேலை, 'போர்ட்ல பெர்மனென்ட்' என்று ஆரம்பித்தால் தொகை லட்சத்துக்கு ஏறும். 2022 ஜூன், ஜூலையில் தமிழ்நாட்டு இளைஞர்கள் 28 பேரைப் புது தில்லி ரயில் நிலையத்தின் நடைமேடைகளில் நிறுத்தி, நாளுக்கு எட்டு மணி நேரம், வருகிற போகிற ரயில்களையும் பெட்டிகளையும் எண்ணச் சொன்னார்கள். அதுதான் டிக்கெட் பரிசோதகர், எழுத்தர் வேலைகளுக்கான 'ட்ரெய்னிங்'காம். ஏறக்குறைய ஒரு மாதம் எண்ணினார்கள். இதற்காக அவர்கள் கொடுத்திருந்த பணம் மொத்தம் 2 கோடியே 67 லட்சம். படித்த பிள்ளைகள்தான். ஏமாந்தார்கள் என்று சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. மருத்துவப் பரிசோதனை, போலி ஆணை, அடையாள அட்டை என்று ஒவ்வொரு படியாக ஏற்றியிருக்கிறார்கள். ஒரு படியில் சந்தேகம் வந்தாலும் ஏற்கெனவே கொடுத்த பணம் திரும்பவிடாது.

இனி, மோசடி இல்லாத கன்சல்டன்சிக்கு வருவோம். வேலை உண்மை, கம்பெனி உண்மை, சம்பளமும் வருகிறது. பெரும்பாலானவர்கள் பணத்தை இழப்பது இங்கேதான். மாதாமாதம், கொஞ்சம் கொஞ்சமாக.

ஒரு சம்பளச் சீட்டைக் கையில் எடுத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 15,000 என்று வைத்துக்கொண்டால், உங்களிடம் பிடிக்க வேண்டியது பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய். இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 113 ரூபாய். ஆக 1,913. கையில் 13,087 வர வேண்டும். இதே அளவு பி.எஃப். பங்கையும், 3.25 சதவீத இ.எஸ்.ஐ. பங்கையும் முதலாளி தன் பையிலிருந்து கட்ட வேண்டும். சீட்டில் பி.எஃப். 3,600 என்று இருந்தால், முதலாளி பங்கையும் உங்கள் சம்பளத்திலேயே கழித்துவிட்டார்கள் என்று பொருள். அது சட்டப்படி குற்றம். "சி.டி.சி.யில (கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவுக் கணக்கில்) அப்படித்தான் தம்பி" என்பார்கள். ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தாலும் சம்பளத்தில் பிடிக்க அவர்களுக்கு உரிமை கிடையாது. அடுத்து 'யூனிஃபார்ம்', 'ரூம்', 'வண்டி', 'அட்மின்' என்று வரிகள் இருந்தால் ஒவ்வொன்றையும் கேளுங்கள். பிடித்த பணம் உண்மையிலேயே கட்டப்பட்டதா என்பதை வீட்டிலிருந்தே பார்க்கலாம்: யு.ஏ.என். என்ற பி.எஃப். கணக்கு எண்ணோடு இணைத்த ஃபோனிலிருந்து 99660 44425-க்கு ஒரு மிஸ்டு கால். கடைசியாகக் கட்டிய மாதமும் இருப்பும் குறுஞ்செய்தியில் வந்துவிடும். யு.ஏ.என். எண்ணே தரவில்லை என்றால் விஷயம் வேறு. பிடித்ததை அவர்களே வைத்துக்கொண்டிருக்கலாம்.

கேட்கப் போனால் கம்பெனி எச்.ஆர். "நீங்க எங்க ஆளே இல்லையே, கன்சல்டன்சிக்கிட்ட கேளுங்க" என்பார். கன்சல்டன்சிக்காரர் "கம்பெனியிலிருந்து பில் வரலை" என்பார். இந்தப் பந்தாட்டத்துக்குச் சட்டம் எப்போதோ முடிவு கட்டிவிட்டது. ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கத் தவறினால் முதன்மை முதலாளி, அதாவது வேலை நடக்கும் கம்பெனி, கொடுத்தே ஆக வேண்டும் என்பது 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. வேலையை விட்டாலும் நீக்கினாலும் இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். பாக்கிக்கு மூன்று ஆண்டு வரை மனு போடலாம். ஓ.டி. என்றால் இரட்டைச் சம்பளம்.

அதோடு சேர்ந்து வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒரு கசப்பும் இருக்கிறது. ஒப்பந்தக்காரர் உரிமம் வாங்க வேண்டிய வரம்பு முன்பு 20 தொழிலாளர், இப்போது 50. முப்பது, நாற்பது ஆளை வைத்து ஓட்டுகிற தெருக்கோடி கன்சல்டன்சிகள் உரிமத்திலிருந்து தப்பிவிட்டன. சிறு முதலாளிக்குச் சுமை குறைப்பதாகச் சொல்கிறார்கள். சுமை எங்கே இறங்கியிருக்கிறது என்று கொடுங்கையூரில் யாரும் சொல்வார்கள். கூலிக்கான பொறுப்புக்கு மட்டும் இந்த எண்ணிக்கை பொருந்தாது. ஒரே ஆள் என்றாலும் கூலி கூலிதான்.

"ரெண்டு வருஷத்துல பெர்மனென்ட் ஆக்கிடுவாங்க" என்பது இன்னொரு தூண்டில். ஒப்பந்தத் தொழிலாளி தானாக நிரந்தரம் ஆகிவிட மாட்டார் என்று 2001-இல் ஸ்டீல் அத்தாரிட்டி (செயில்) வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒப்பந்தமே வெறும் கண்துடைப்பு என்று நிரூபித்தால் கதை வேறு. இன்னொரு பக்கம், தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவரை நிறுவனம் நிரந்தரமாக்க வேண்டும். அதனால்தான் அதே மெஷின், அதே சூப்பர்வைசர் இருக்க, கன்சல்டன்சியின் பெயர் மட்டும் ஆண்டுக்கொரு முறை மாறுகிறது. பழைய கேட் பாஸைத் திருப்பிக் கொடுக்கும் முன் இரண்டு பக்கமும் ஃபோட்டோ எடுத்து வையுங்கள். வருகைப் பதிவு, ஷிப்ட் போடும் வாட்ஸ்அப் குரூப், சூப்பர்வைசரின் குரல் பதிவு, எதையும் அழிக்காதீர்கள்.

'தங்குமிடம் இலவசம்' என்ற விளம்பரத்துக்கு மறுபக்கம் உண்டு. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தது விடுதிச் சாப்பாட்டால் வந்த நோய்க்காக. விடுதியை நடத்தியது ஒப்பந்தக்காரர்கள். ஆனால் பதில் சொல்ல வேண்டி வந்தது ஃபாக்ஸ்கானும் ஆப்பிளும். சேரும் முன் விடுதியை ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். ஒரு அறையில் எத்தனை பேர், எத்தனை கழிப்பறை என்று எண்ணுங்கள்.

விபத்து என்றால், யாருடைய ஆள் என்ற இந்தக் கணக்கு உயிரைத் தொடும். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல் மின் திட்டத்தில் கட்டுமானம் சரிந்து வெளிமாநிலத் தொழிலாளர்கள் 9 பேர் இறந்தார்கள். ஒப்பந்தத்துக்குள் ஒப்பந்தம் என்று அடுக்கிக்கொண்டு போகும் இடங்களில் ஒவ்வொரு அடுக்கும் அடுத்ததைக் கைகாட்டும். மாதம் 21,000 வரை சம்பளம் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. இருந்தால், வேலையில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் உண்டு. இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. சேர்ந்த அன்றே இ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அடிபட்ட பிறகு "அவன் எங்க ஆளே இல்லை" என்று சொல்ல முடியாமல் செய்வது அந்த எண்தான்.

வெளிநாடு என்றால் சட்டம் கடுமை. 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு இல்லாதவர் ஆள் அனுப்பினால் சிறை. பதிவு பெற்றவரும் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், ரசீதோடு. மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் ஏஜென்டின் பதிவைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். 'டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கலாம்' என்றால் அங்கே வேலை இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 2022-இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று போன தமிழ் இளைஞர்களை எல்லை கடத்தி மியான்மரில் அடைத்து இணைய மோசடி செய்யவைத்தார்கள். சுமார் 50 தமிழர்கள் சிக்கியிருப்பதாக முதல்வர் ஸ்டாலின் செப்டம்பரில் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அக்டோபரில் முதலில் 13 பேர் சென்னை திரும்பினார்கள். கிண்டியில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. அங்கே விசாரித்துவிட்டு ஏஜென்டிடம் போவதில் ஒரு நாள்தான் செலவு.

பணம் போய்விட்டதா? ஆன்லைனில் அனுப்பியிருந்தால் உடனே இணையக் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு. காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் மனு பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். பெரிய தொகை என்றால் வேப்பேரி ஆணையர் அலுவலகத்தில் மத்தியக் குற்றப் பிரிவில் வேலை மோசடிக்கென்றே ஒரு பிரிவு உண்டு. கட்டணம் வாங்கிவிட்டு வேலை தராதது சேவைக் குறைபாடும்கூட. சென்னை வடக்கு நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை, கெடு இரண்டு ஆண்டு.

சம்பளப் பாக்கிக்கு எங்கே போவது என்பதில்தான் பலரும் அலைகிறார்கள். தனியார் ஆலை, குடோன் என்றால் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் மாநிலத் தொழிலாளர் துறை. துறைமுகத்திலோ மத்திய அரசு நிறுவனமான மணலி சுத்திகரிப்பு ஆலையிலோ காண்ட்ராக்டில் இருந்தால், மனு போக வேண்டியது சாஸ்திரி பவனில் உள்ள மத்தியத் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்துக்கு. தப்பான வாசலில் நின்று மாதங்களை விட்டவர்கள் உண்டு.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று நிற்க வேண்டாம். 15100-க்கு அழைத்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தரும். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பெண்களும், பட்டியல் சாதியினரும், பழங்குடியினரும் மட்டுமல்ல, தொழிலகத் தொழிலாளியும் தகுதியானவர் பட்டியலில் இருக்கிறார். வருமானச் சான்று கேட்கத் தேவையில்லாத பிரிவு அது.