மடிக்கணினியில் தேத்தண்ணி கொட்டினால்: விசைப்பலகையைக் கழற்றலாமா?



நாள் பாடத்திட்டம், தேர்வுத் தாள், வகுப்பறை மதிப்பீட்டுப் பதிவு, எஸ்.டி.பி.எம். இடுபணி எல்லாமே இன்று மடிக்கணினிக்குள்தான் இருக்கின்றன. பக்கத்திலேயே ஒரு கிளாஸ் தே தாரிக்கும் இருக்கும். கை தட்டிவிட ஒரு நொடி போதும். பட்டணத்தில் இருப்பவர்கள் உடனே கடைக்கு ஓடலாம். பீடோங், பாடாங் செராய் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்கள் சுங்கை பட்டாணிக்கோ கூலிமுக்கோ போய்ச் சேருவதற்குள் மறுநாள் ஆகிவிடும். அந்த இடைவெளியில் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் கணினி பிழைப்பதும் போவதும்.

முதல் ஒரு நிமிடம்

மின்கம்பியை உடனே பிடுங்குங்கள். கோப்பைச் சேமிக்கலாம், முறையாக அணைக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். மின்பொத்தானைப் பத்து விநாடிக்கு மேல் விடாமல் அழுத்தினால் கணினி அணைந்துவிடும். மவுஸ், பென்டிரைவ் எல்லாவற்றையும் கழற்றுங்கள். மின்கலம் வெளியே எடுக்கும் வகையென்றால் அதையும் எடுத்துவிடுங்கள்.

பிறகு திரையை அகலத் திறந்து, கணினியைக் கூடாரம் போலக் கவிழ்த்து, விசைப்பலகை கீழ்நோக்கி இருக்கும்படி ஒரு துண்டின்மேல் வையுங்கள். குலுக்கக் கூடாது. குலுக்கினால் மேலே நிற்கும் நீர் உள்ளே இருக்கும் தாய்ப்பலகைக்கு இறங்கும்.

இரண்டு தவறுகளை நம்மில் பலர் செய்கிறோம். ஒன்று, ஹேர் டிரையரில் சூடு காட்டுவது. பிளாஸ்டிக் நெளியும், நீரும் இன்னும் உள்ளே தள்ளப்படும். மற்றொன்று, அரிசி மூட்டைக்குள் புதைப்பது. அரிசி உள்ளே இருக்கும் ஈரத்தை இழுப்பதில்லை, தூசியைத்தான் சேர்க்கும். நனைந்த ஐபோனை அரிசிப் பையில் வைக்காதீர்கள் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது.

எது கொட்டியது?

வெறும் தண்ணீர் என்றால் காயும். தே தாரிக், மைலோ, கோப்பி அப்படியல்ல. நீர் ஆவியாகிப் போனாலும் சீனியும் பாலும் பிசினாக ஒட்டிக்கொள்ளும். உப்புச் சத்துள்ள விளையாட்டுப் பானம் அதைவிட மோசம், மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஈரமும் உப்பும் உள்ள இடத்தில் மின்சாரமும் ஓடினால் செம்புத் தடங்கள் அரித்துப் பச்சை பூக்கும். அதனால்தான் "இப்போ ஓடுதே" என்று நம்பித் திரும்பப் போடக் கூடாது. இன்று ஓடுகிற கணினி இரண்டு வாரம் கழித்துப் படுத்துக்கொள்ளும். நம் ஊர் காற்றில் ஈரப்பதம் அதிகம். எனவே விசிறிக் காற்றில் இரண்டு மூன்று நாளாவது காய விடுங்கள்.

கழற்றுவதற்கு முன் மூன்று கேள்விகள்

கணினி யாருடையது? 2021இல் செர்டிக் திட்டத்தின் வழி வந்தவை போலப் பள்ளி இரவலாகக் கொடுத்த கருவி என்றால் திறக்காதீர்கள். பொறுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். மறைப்பதுதான் செலவைக் கூட்டும்.

உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதா? சாதாரண உத்தரவாதம் நீர் கொட்டியதை ஏற்பது அரிது. ஆனாலும் நாமே திறந்தால் மற்றப் பழுதுக்கான உரிமையும் போகலாம்.

விசைப்பலகை எந்த வகை? திங்க்பேட் டி420 போன்ற பழைய கணினிகளில் அது மேலிருந்தே தனியாக வந்துவிடும். இன்றைய மெல்லிய கணினிகள் பலவற்றில் மேல்மூடியோடு உருக்கிய பிளாஸ்டிக் புள்ளிகளால் பொருத்தியிருப்பார்கள். அதை எடுக்க, தாய்ப்பலகை உட்பட எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். அந்த வேலையைக் கடைக்காரரிடம் விடுங்கள்.

மேலிருந்து வரும் வகையைக் கழற்றும் முறை

1. மின்கலத்தை எடுங்கள். உள்ளே பொருத்தியதென்றால் அடிமூடியைத் திறந்து அதன் இணைப்பை முதலில் விடுவியுங்கள்.

2. அடிப்பக்கத்தில் விசைப்பலகைப் படம் போட்ட திருகாணிகளைத் தேடிக் கழற்றுங்கள். நட்சத்திரத் தலையுள்ள சிறிய ஸ்குரு டிரைவர் போதும். ஒரு தாளில் கணினியின் வடிவத்தை வரைந்து, ஒவ்வொரு திருகாணியையும் அதன் இடத்தில் செலோடேப்பால் ஒட்டுங்கள். குட்டையானது இருந்த இடத்தில் நீளமானதைப் போட்டால் உள்ளே குத்திவிடும்.

3. டி420 போன்றவற்றில் விசைப்பலகையைத் திரைப் பக்கம் சற்றுத் தள்ளி, முன்விளிம்பைத் தூக்க வேண்டும். வேறு பல கணினிகளில் மேல்விளிம்பில் சிறு கொக்கிகள் இருக்கும். மெல்லிய பிளாஸ்டிக் அட்டையால் ஒவ்வொன்றாக நெம்புங்கள். கத்தி வேண்டாம்.

4. உடனே இழுத்துவிடாதீங்க! அடியில் ரிப்பன் போன்ற தட்டையான கம்பி தாய்ப்பலகையோடு சேர்ந்திருக்கும். அதன் முனையில் உள்ள சிறிய பூட்டை நகத்தால் மேலே தூக்கியோ முன்னே நகர்த்தியோ திறந்த பிறகே கம்பி தானாக வெளிவரும். ஒளிரும் விசைகள் என்றால் இரண்டாவது கம்பியும் இருக்கும்.

5. உள்ளே ஒட்டிய பிசினை 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய தூரிகையால் துடையுங்கள். அது எளிதில் தீப்பற்றும். அடுப்பும் சாமி விளக்கும் உள்ள இடத்தில் செய்ய வேண்டாம்.

விசைப்பலகைக்குள் மின்தடம் அச்சிட்ட பிளாஸ்டிக் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். சீனித் தண்ணீர் அவற்றின் இடையே புகுந்தால் கழுவித் தீராது, புதிது மாற்றுவதே வழி. பின்புறம் அச்சிட்ட பாக எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் சரியானது கிடைக்கும்.

தமிழ் எழுத்து என்னாகும் என்று கவலை வேண்டாம். நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கிய முரசு அஞ்சலின் தட்டச்சு முறையானாலும் சரி, 1999இல் வந்த தமிழ்99 முறையானாலும் சரி, அவை மென்பொருளில் இருக்கின்றன, விசையில் அல்ல. எந்த ஆங்கில விசைப்பலகை போட்டாலும் தமிழ் வரும்.

அவசரத்துக்கு

கணினி நன்றாகக் காய்ந்தபின் ஓடுகிறது, ஆனால் விசைகள் தானாக எழுத்தைக் கொட்டுகின்றன என்றால், அந்த ரிப்பன் கம்பியை மட்டும் விடுவித்துவிட்டு யு.எஸ்.பி. விசைப்பலகை ஒன்றைச் செருகிக்கொள்ளுங்கள். விண்டோஸ் நுழைவுத் திரையிலேயே திரை விசைப்பலகையும் உண்டு, மவுஸால் கடவுச்சொல்லைத் தட்டலாம். முதல் வேலையாக இடுபணியை நகலெடுங்கள். கணினி ஓடாமலே போனாலும் உள்ளிருக்கும் சேமிப்பகம் பெரும்பாலும் தப்பியிருக்கும். "தகவலை அழிக்க வேண்டாம்" என்று கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

விசைப்பலகை கடையில் கிடைக்கும், மூன்று மாதம் எழுதிய இடுபணி கிடைக்காது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் டெலிமா கணக்கின் கூகல் டிரைவில் ஒரு நகல், பென்டிரைவில் ஒரு நகல் வையுங்கள். தேத்தண்ணியைக் கணினி இல்லாத மேசையில் குடியுங்கள்.