கங்காவுக்கு மூன்று தாய்

2023 மார்ச் 16 அன்று, ஹரியானாவின் கர்னாலில் உள்ள தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு கிர் கிடாரிக் கன்று பிறந்தது. எடை 32 கிலோ. கங்கா என்று பெயர் வைத்தார்கள். காளையும் சேராமல், சினை ஊசியும் போடாமல் பிறந்த கன்று. "இனி நாட்டு மாடு அழியாதுங்க, நகல் எடுத்துக்கலாம்" என்று நம்ம ஆட்களில் சிலரே பேசுகிறார்கள். அது சரியா?

முதலில் கங்கா உருவான கதை. ஒரு கிர் பசுவின் வால் பகுதியிலிருந்து செல் எடுத்தார்கள். சாஹிவால் பசுவின் சூலகத்தில் ஊசி செலுத்திக் கருமுட்டையை உறிஞ்சி, அதன் உட்கருவை நீக்கினார்கள். அந்த முட்டையோடு கிர் செல்லை இணைத்து, ஏழெட்டு நாள் ஆய்வகத்தில் வளர்த்து, ஒரு கலப்பினப் பசுவின் கருப்பையில் வைத்தார்கள். ஒன்பது மாதத்தில் கன்று. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனியாகக் கொஞ்சம் மரபணு உண்டு. அது பெரும்பாலும் முட்டை கொடுத்த பசுவிடமிருந்தே வரும். ஆக 'அச்சு அசல்' என்பதே கொஞ்சம் மிகைதான்.

பிறந்ததைப் படம் எடுத்துப் போடுகிறார்கள். பிறக்காமல் போனதை யார் கணக்கெடுக்கிறார்கள்? 1996இல் ஸ்காட்லாந்தில் டாலி என்ற செம்மறி பிறக்க 277 முட்டைகளில் முயன்றார்கள். கருவாகத் தேறியவை 29. அவற்றை 13 ஆடுகளுக்கு வைத்ததில் பிறந்தது ஒரே குட்டி. கர்னாலிலும் 2009 பிப்ரவரியில் பிறந்த முதல் குளோனிங் எருமைக் கன்று சில நாட்களிலேயே இறந்தது. குளோனிங் கருவில் நஞ்சுக்கொடி சரியாக அமையாமல் பாதியிலேயே கன்று வீசுவதும், கன்று அளவுக்கு மீறிப் பெருத்து ஈற்றில் தாய் திணறுவதும் அடிக்கடி நடக்கிறது. மாட்டுக் கொட்டகையில் ஒரு ராத்திரி கண் முழித்தவர்களுக்கு அந்த வேதனை தெரியும்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். குளோன் எல்லாம் சீக்கிரம் கிழடு தட்டும் என்பது சரியல்ல. டாலியின் அதே செல் வரிசையில் பிறந்த நான்கு ஆடுகள் நல்லபடியாக வயதானதை 2016இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். கர்னாலில் 2010இல் பிறந்த கரிமா-2 எருமையும் வளர்ந்து, 2013இல் கன்று ஈன்றது.

நம்ம கவலை வேறு. ஒரு மாடு இனம் ஆகாது. மந்தையில் ஒன்றுக்குப் பால் அதிகம், ஒன்று வறட்சி தாங்கும், ஒன்றுக்குக் காணை வந்தாலும் சீக்கிரம் தேறும். இந்த வித்தியாசம்தான் இனத்தின் சொத்து. அதிகம் கறக்கும் ஒன்றை மட்டும் நூறாக்கினால், ஒன்றை வீழ்த்தும் நோய் நூறையும் வீழ்த்தும். ஒரே ரக நெல்லை ஊரெல்லாம் நட்டுப் புகையானிடம் பறிகொடுத்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கிர் இனத்தை உருவாக்கியது ஆய்வகமா? குஜராத்தின் மால்தாரி மேய்ப்பர்கள்தானே! சிங்கங்களைக் காக்க என்று 1970களில் கிர் காட்டிலிருந்து அவர்களில் பல குடும்பங்களை வெளியேற்றினார்கள். நம்ம பர்கூர் மலையில் பட்டி மாடு வைத்திருப்பவர்களுக்கும் பெரிய பிரச்சினை மேய்ச்சல் காடுதான்.

அருகிப்போன இனங்களின் செல்லை உறையவைத்துப் பாதுகாக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் நாட்டு மாட்டைக் காக்க என்று ஒதுக்கும் பணம் எங்கே போகிறது என்று அடுத்த குறைதீர்ப்புக் கூட்டத்தில் கேளுங்க. ஊருக்கு ஒரு நல்ல பொலிகாளையும், அடைபடாத மேய்ச்சல் புறம்போக்கும் கேட்டு மனு கொடுங்க.