லாரிக்குள்ளே ஒரு படுக்கையறை

பெரணமல்லூருக்குப் பட்டுப் புடவை பார்க்கத்தான் போனோம். லாரிக் கதை கேட்டுக்கொண்டு திரும்புவோம் என்று நினைக்கவில்லை. தறிக்குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்த அந்தப் பெண் நாடாவை நிறுத்திவிட்டு, "புடவை கிடக்கட்டும் அக்கா! ஒரு ஆள் படுக்க எத்தினி அங்குலம் அகலம் வேணும், சொல்லுங்க" என்று கேட்டாள்.

அவளுடைய கணவர் லாரி டிரைவர். லாரிக்கு வயது பதினொன்று. எட்டு வயதைத் தாண்டிய லாரிக்கு வருஷா வருஷம் எப்.சி. வாங்கியாக வேண்டுமே, அதற்காக நாமக்கல் பட்டறைக்குப் போயிருந்தது. தகடெல்லாம் துரு. கேபினையே பிரித்துக் கட்டுகிறார்களாம்.

கேபினைப் பட்டறையிலா கட்டுவார்கள் என்று ஆச்சரியப்படுகிறீர்களா? நாமும் பட்டோம். டாட்டா கம்பெனி 1954-ல் ஜெர்மானிய பென்ஸ் கம்பெனியோடு சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்ய ஆரம்பித்தது. மறு வருஷம் சென்னை எண்ணூரில் அசோக் லேலண்டு என்ற பெயர் வந்தது. அங்கிருந்தெல்லாம் வெகு காலம் பெரும்பாலும் வெளியே வந்தது முழு லாரி அல்ல. சக்கரமும் இன்ஜினும் முன்மூக்கும் கொண்ட வெறும் எலும்புக்கூடு. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலிலும் மழையிலும் அதை ஓட்டி வருவார்கள். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பட்டறைகளில்தான் அதற்கு உடம்பு வரும். இப்போது கம்பெனியே கேபினோடு தருகிற லாரிகள் பெருகிவிட்டன. ஆனாலும் பழைய லாரிக்குப் பட்டறையே தாய்வீடு.

டிரைவர் ஸீட்டுக்குப் பின்னால் குறுக்கே ஒரு பலகை இருக்கும். கீழே ஜாக்கியும் கயிறும் வைக்கிற பெட்டி. மேலே ரெக்ஸின் போர்த்திய மெத்தை. அதுதான் படுக்கையறை! நீளத்துக்குக் குறைவில்லை, லாரியின் அகலம் இருக்கிறது. முன்னும் பின்னும்தான் நெருக்கடி. பின்சுவரை ஆறங்குலம் தள்ளிக் கட்டினால் சரக்கு ஏற்றும் இடம் ஆறங்குலம் குறைந்துவிடும். எந்த முதலாளிக்கு மனசு வரும்?

"பதினெட்டு அங்குலம்தான் அக்கா! பொரண்டா கீழ விழணும். பக்கத்துலயே இன்ஜின் சூடு. கோடைக்காலத்துல வண்டிக்கு அடியில பாயைப் போட்டுப் படுத்துக்குவாரு. நெனச்சாலே எனக்கு இங்க தூக்கம் வராது."

வண்டிக்கு அடியில் தூங்குகிறவரைக் கவனிக்காமல் யாராவது வண்டியை நகர்த்திவிட்டால்? அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1961-ல் வந்த மோட்டார் தொழிலாளர் சட்டம், ஐந்து மணி நேர வேலைக்குப் பின் அரைமணி ஓய்வு என்றது. ராத்தங்கும் இடத்தில் ஓய்வறை வேண்டும் என்றும் சொல்லிற்று. நடு ராத்திரி, நெடுஞ்சாலை ஓரத்தில் கண்ணைச் சுழற்றும்போது ஓய்வறையைத் தேடி எங்கே போவது? 2025-ல் புது லாரிகளின் கேபினுக்குக் குளிர்சாதன வசதி கட்டாயமாகிவிட்டது. மகா நல்ல காரியம்! பதினொரு வயது லாரிக்குத்தான் அந்தப் பாக்கியம் இல்லை.

அதனால் அவர்கள் பட்டறையில் கேட்டிருப்பதெல்லாம் சின்ன விஷயங்கள். இன்ஜின் மூடிக்கு உள்ளே சூடு தாங்கும் கனத்த விரிப்பு, கண்ணாடி ஓரம் மழை ஒழுகாத புது ரப்பர், பின்சுவரில் காற்றுக்கு ஒரு ஜன்னல். அப்புறம் அந்த ஆறங்குலம்.

அமெரிக்காவில் லாரிப் படுக்கை குறைந்தது 24 அங்குல அகலம் இருக்க வேண்டும் என்று விதியே உண்டு. அதைச் சொன்னதும் அவள் தறியைப் பார்த்தாள். நெய்துகொண்டிருந்த புடவையின் அகலம் 48 அங்குலம்.

"அப்போ, இதை ரெண்டா மடிச்சா எவ்வளவோ, அவ்வளவு!" என்றாள்.

புறப்படும்போது டெலிபோன் மணி அடித்தது. நாமக்கல்லிலிருந்து கணவர்தான். கடைசியில் முதலாளி நாலு அங்குலத்துக்குச் சம்மதித்திருக்கிறாராம்.

"இருபத்திரண்டு" என்று சொல்லிக்கொண்டே எழுந்து உள்ளே போனாள். பழைய புடவைகளை அடுக்கி மெத்தை தைக்க, மரப்பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது.