தாயமும் திறமையும்

சென்ற பாடசாலை விடுமுறையின்போது, கல்குடாக் கடற்கரையிலே தென்னை நிழலிற் பாய் விரித்து, தங்கையின் பிள்ளைகள் இருவருடன் அமர்ந்திருந்தேன். எங்கள் நடுவே இரண்டு பித்தளைத் தாயக்கட்டைகள் கிடந்தன. அவை என் அம்மம்மாவின் உடைமை.

நாங்கள் ஆடியது தாயமன்று. ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, கதையை வளர்த்துச் செல்லும் ஆட்டம். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் ஆக்கி 1974 இல் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இவ்வகை ஆட்டங்களுக்கு முன்னோடி. அங்கே அரக்கரும் நிலவறையும். இங்கே எங்களுக்கு வாவியும் தோணியும். மூத்தவன் தேர்ந்த தோணிக்காரன். சின்னவள் தொழில் பழகும் சிறுமி. புயலிலே தோணியைக் கரைசேர்ப்பது போன்ற செயல்களுக்குக் கட்டைகளை உருட்டவேண்டும். விழும் தொகை குறித்த இலக்கை எட்டினால் வெற்றி. திறமை உள்ளவருக்கு அத்தொகையோடு மேற்புள்ளி கூட்டப்படும்.

விதியை வகுத்தவன் நான். கணிதம் கற்பித்த செருக்கினால் அதிகம் எண்ணிப் பாராமலே, இலக்கு 4 என்றும், தோணிக்காரனுக்கு மேற்புள்ளி 3 என்றும், சிறுமிக்கு ஒன்றுமில்லை என்றும் வைத்துவிட்டேன். அரைமணி நேரம் சென்றிராது. மூத்தவன் கொட்டாவி விட்டான். சின்னவள் எழுந்துவிட்டாள்.

“நான் உருட்டி என்ன மாமா? அண்ணன்தானே வெல்லுவார்.”

கட்டையை நோவதா, விதியை நோவதா? அன்றிரவு கடுதாசி எடுத்துக் கணக்கிட்டேன்.

ஒரு கட்டைக்கு நான்கு முகங்கள்: 0, 1, 2, 3. இரண்டும் சேர்ந்து விழும் வழிகள் 16. (தாயத்தில் இரண்டும் வெறுமையாய் விழுந்தால் 12 என்பர், நாங்கள் அதனைச் சூனியமாகவே கொண்டோம்.) தொகை 3 வருவதற்கு நான்கு வழிகள் உண்டு, 2, 4 ஆகியவற்றுக்கு மும்மூன்று, 1, 5 ஆகியவற்றுக்கு இவ்விரண்டு, 0, 6 ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. ஆகவே இலக்கு 4 எனின், மேற்புள்ளி இல்லாதவளுக்கு வெற்றி வழிகள் 6. ஒரு புள்ளி பெற்றால் 10. இரண்டு பெற்றால் 13. மூன்று பெற்றால் 15. முதற்புள்ளி நான்கு வழிகளைத் திறக்க, மூன்றாம் புள்ளி இரண்டையே திறக்கிறது! இருபது முகப் பகடை ஒன்றினை உருட்டும் ஆட்டத்தில் ஒவ்வொரு புள்ளியும் நூற்றுக்கு ஐந்து என ஒரே அளவாய் நிற்கும். இங்கோ, புள்ளியின் பெறுமதி அதனைப் பெறுபவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது.

நளன் கதை நினைவுக்கு வந்தது. புட்கரனிடம் சூதாடி நாட்டை இழந்த நளன், பின்னர் இருதுபன்னனுக்குக் குதிரை நூலைக் கொடுத்துப் பகடை நூலைப் பெற்றான் என்கிறது பாரதம். அந்த இருதுபன்னன் தான்றி மரமொன்றின் இலைகளையும் காய்களையும் பார்த்த மாத்திரத்தில் எண்ணிச் சொன்னவன். பகடையின் சூட்சுமம் எண்ணிக்கையே என்பதனை நம் முன்னோர் அறிந்திருந்தனர். யானோ எண்ணாமல் விதி செய்தேன்.

மறுநாள் திருத்தினேன். தோணிக்காரனுக்கு மேற்புள்ளி 2, பழகுகிறவளுக்கு 1. இலக்கு 4 எனின் அவனுக்கு 13 வழிகள், அவளுக்கு 10. கொடும்புயலுக்கு இலக்கு 6 எனின் அவனுக்கு 6, அவளுக்கு 3. திறமைக்கு உரிய மதிப்பும் குறையவில்லை. எளியவளின் நம்பிக்கையும் அறவே அற்றுப்போகவில்லை. தேர்ந்தவனுக்கும் தோற்கும் அச்சம் உண்டு. அவன் கொட்டாவிக்கு அதுவே மருந்து.

மாலையில் மீண்டும் பாய் விரித்தோம். கதையிலே கொடும்புயல் எழுந்தது. சின்னவளின் முறை. உள்ளங்கையிலே கட்டைகளைத் தேய்த்து உருட்டினாள். விழுந்தது 4. ஒன்றைக் கூட்டியும் ஐந்தே, தோணி கவிழ்ந்தது.

அவள் எழுந்து போகவில்லை. கட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு, “இன்னொருக்கா, மாமா” என்றாள்.