வேகம் கூடினால் சுவாரஸ்யம் கூடுமா?

மோட்டார்ப் பந்தயத்தின் ரசம் முழுவதும் வேகத்திலேயே அடங்கியிருக்கிறது என்று எண்ணுவது இயல்பே. ஆயினும், 2017-இல் பார்முலா ஒன் கார்களின் அகலத்தை 1,800 மில்லிமீட்டரிலிருந்து 2,000 ஆக்கி, டயர்களையும் பருமனாக்கி, வளைவுகளில் அவை முன்னிலும் விரைவாய்ப் பாயும்படி விதிகளைத் திருத்தியபோது, சுற்று நேரம் குறைந்ததே தவிர, ஒருவரையொருவர் முந்தும் சம்பவங்கள் முந்தைய வருஷத்தைவிட ஏறக்குறையப் பாதியாகிவிட்டன.

காரணம் காற்றிலே இருக்கிறது. காரின் இறக்கைகள் காற்றை மேல்நோக்கித் தள்ள, அதற்குப் பிரதியாகக் கார் தரையோடு அழுத்தப்படுவதால்தான் வளைவில் அத்தனை வேகம் சாத்தியமாகிறது. ஆனால் அவ்வாறு குலைந்த காற்று சுழல்களாகிப் பின்னால் வருபவனை அடையும்போது, அவனுடைய இறக்கைகள் பலமிழக்க, டயர்கள் வழுக்கிச் சூடேற, அவன் வேகம் குறைத்துப் பின்தங்க நேருகிறது. போதாக்குறைக்கு, அழுத்தம் கூடிய கார்களுக்குப் பிரேக் பிடிக்கும் தூரமும் சுருங்குகிறது; முந்துவதற்கு உகந்த இடமோ அதுதான்!

ஆனால் வேகம் மட்டுமே குற்றவாளியல்ல. இத்தாலியின் மோன்சாவில் 1971-இல் நடந்த பார்முலா ஒன் பந்தயத்தின் சராசரி வேகமான மணிக்கு 242 கிலோமீட்டர், 2003 வரை முறியடிக்கப்படவில்லை. எனினும், அதில் ஓட்டுநர் பீட்டர் கெத்தின் 0.01 விநாடியில் வெல்ல, ஐந்து கார்கள் 0.61 விநாடிக்குள் எல்லையைக் கடந்தன. நீண்ட நேர்பாதைகளில், முன்செல்பவனின் மறைவில் காற்றுத் தடை குறைந்து, பின்னவனுக்கு லாபமே கிடைத்தது.

2022-இல் அழுத்தத்தின் பெரும்பங்கைக் காரின் அடித்தளத்துக்கு மாற்றி, சற்றே வேகம் குறைந்தாலும் நெருங்கி ஓட வழிசெய்ததை நான் விவேகம் என்பேன். பொறியாளர்களோ இழந்த வேகத்தை ஆண்டுதோறும் மீட்டனர், கலங்கிய காற்றும் கூடவே திரும்பியது.