ஒரே பாட்டிலில் எல்லாம் வேண்டாம்

வைட்டமின் சி, நியாசினமைடு பொடிகள் இப்போது விழுப்புரம், திண்டிவனம் வீடுகளுக்கும் கூரியரில் வந்து இறங்குகின்றன. ரோஸ் வாட்டரில் கரைத்தால் சீரம் தயார் என்பது கணக்கு. கரைவது உண்மைதான், அதற்குப் பிறகுதான் வம்பு.

பாட்டிலுக்குள் நடப்பது

இந்த இரண்டும் முகத்தில் சேரவே கூடாது என்பார்கள். தனித்தனியாகப் பூசினால் அந்தப் பயம் வேண்டாம். ஒரே பாட்டிலில் நிற்கும்போதுதான் சிக்கல். வைட்டமின் சி, அதாவது அஸ்கார்பிக் அமிலம் தோலுக்குள் இறங்க, கரைசலின் பிஹெச் 3.5-க்குக் கீழே இருக்க வேண்டும். நியாசினமைடோ 5 முதல் 7 வரை உள்ள பிஹெச்சில்தான் கெடாமல் இருக்கும். அமிலத்தோடு சூட்டிலும் நாள்கணக்கில் கிடந்தால் அதில் ஒரு பகுதி நிக்கோடினிக் அமிலமாக மாறும். பூசினால் முகம் சிவந்து எரியும்.

அளவிலும் கோட்டை விடுகிறோம். 30 மில்லிக்கு 10 சதவீதம் என்றால் 3 கிராம் வைட்டமின் சி பொடி போதும். ஒரு டீஸ்பூனே அதைத் தாண்டிவிடும்.

கத்திரி வெயிலும் கற்றாழையும்

தண்ணீரில் கரைத்த வைட்டமின் சி காற்று, வெளிச்சம், சூடு பட்டு மஞ்சளாகி, பழுப்பாகும். பழுப்பானதைக் கொட்டிவிடுங்கள். வீட்டில் வழித்த கற்றாழைச் சோற்றைச் சேர்த்தால், பதப்படுத்தும் பொருள் இல்லாததால் கிருமி வளரும். பிரிட்ஜ் அதைத் தாமதப்படுத்தும், தடுக்காது.

எலுமிச்சைச் சாறு இன்னும் மோசம். பூசிக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளம் வரலாம். ஆறிய பின்னும் கருமை மாதக்கணக்கில் நிற்கும். நிறம் வெளுக்கப் பூசியதற்குக் கிடைக்கும் கூலி அது!

மருந்துக் கடை டியூப்

சீக்கிரம் வெளுக்கட்டும் என்று ஸ்டீராய்டு கிரீமையும் ஒரு சொட்டு கலப்பவர்கள் உண்டு. தோல் மெலியும், ரத்தக்குழாய்கள் தெரியும், பரு கிளம்பும். நிறுத்தினால் எரிச்சல் கூடும். 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டோடு மட்டும் விற்கும் பட்டியலில் சேர்த்தது இதனால்தான்.

பிரித்துப் பூசுங்கள்

கடையில் தயாராக விற்கும் வைட்டமின் சி சீரத்தைக் காலையில் பூசி, மேலே சன்ஸ்கிரீன் போடுங்கள். நியாசினமைடு இரவுக்கு. வைட்டமின் ஏ வகையான ரெட்டினால் பூசும் இரவில் கிளைகாலிக் போன்ற அமிலங்கள் வேண்டாம். கர்ப்பிணிகள் ரெட்டினாலைத் தொடவே வேண்டாம். எதையும் முதலில் முன்கையின் உள்பக்கம் சில நாள் பூசிப் பார்ப்பது நல்லது.

எரிந்தால் தண்ணீரில் கழுவி, எல்லாவற்றையும் நிறுத்துங்கள். எரிச்சல் அடங்காவிட்டாலோ கொப்புளம் வந்தாலோ முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது பாட்டிலையும் பொடிப் பாக்கெட்டுகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.